எந்த வரியில் தப்பு

குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் லில்லி புஷ்பம். நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். கீழ்த்தளத்தில் பாஸ்போர்ட் படம். மேல்தளத்தில் மலை, காடு, கடலைப் படம் எடுக்க வகுப்பு. கீழே வருகிறவர்களுக்கு அவர் ஸ்டுடியோக்காரம்மா. மேலே வருகிறவர்களுக்கு டீச்சர். மேலே வருகிறவர்கள் குறைவு.

சீடர் தாணுலிங்கம். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வயதை மதித்து டீச்சர் அவரை ‘சார்’ என்பார். ஆக, அந்த மாடியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஆசிரியர் என்றே அழைத்துக்கொண்டார்கள். இதனால் பாடத்துக்குக் குந்தகம் ஏதும் வரவில்லை.

தாணுலிங்கத்தின் படங்கள் சுமார்தான். அவருடைய பயணத் திட்டங்கள் அப்படியல்ல. மலைக்கு ஒரு நாள், காட்டுக்கு ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள் என்று மூன்று நாளுக்கு அவர் எழுதிய திட்டம் நான்கு பக்கம் வரும். எத்தனை மணிக்கு எழுவது, எங்கே வண்டியை விடுவது, எந்தப் பாறையில் கேமரா முக்காலியின் எந்தக் காலை வைப்பது, வெளிச்சம் எத்தனை நிமிஷம் நிற்கும், எல்லாம் இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் அவர் எடுத்த படம் ஒன்றும் இருக்கும், வருகிறவர் எதை எடுக்கப்போகிறோம் என்று தெரிந்துகொள்ள. ‘அடி என்பது இங்கே பன்னிரண்டு அங்குலம்; காலடி அல்ல’ என்று அடிக்குறிப்பு வேறு. படம்பிடிக்கிறவர்களின் இணையக் குழுவில் ஆயிரத்து முந்நூறு பேர் அந்தத் திட்டத்தை இறக்கி வைத்திருந்தார்கள். அதை நம்பிப் போய் வழி தவறியவர் ஒருவரும் இல்லை.

போன மாதம் ஒருவர் செத்துப்போனார். அவரும் வழி தவறவில்லை.

அவர் பெயர் ஜெயவீரன். விருதுநகரில் வங்கி வேலை. வயது முப்பத்து நான்கு. மூன்றாம் நாள் காலை ஐந்து நாற்பதுக்கு, திட்டம் சொன்ன கரையில், திட்டம் சொன்ன பாறையில் அறுபத்திரண்டு அடி நடந்து, திட்டம் சொன்ன குழிவில் நின்றார். அலை கொண்டுபோனது. இரண்டு நாள் கழித்து அடுத்த ஊரில் ஒதுங்கினார். கரையில் விட்டுவைத்த பையில், தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில், நான்கு பக்கமும் இருந்தன.

காவல் நிலையத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆய்வாளர் நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு, “உங்க மேல ஒண்ணும் இல்ல சார், இதுல ஒரு எழுத்துப் பிழைகூட இல்லியே” என்றார். தன் மச்சினனுக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்றும் கேட்டார்.

அதற்குப் பிறகு தாணுலிங்கத்துக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, திட்டத்தை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“கேளுங்க சார்.”

“இதுல எந்த வரியில தப்பு?”

டீச்சர் வாங்கிக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர்ல இருந்து பதினோரு பேர் இதை வச்சுக் கிளம்புறாங்க. ஞாயித்துக்கிழமை கடலுக்கு வருவாங்க. தப்பு இருந்தா அதுக்குள்ள திருத்திடுறேன்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா அந்த ஆளு செத்தது அவரு விதின்னு விட்டுடுறேன். கொஞ்சம் தூங்குவேன்.”

டீச்சர் நான்கு பக்கத்தையும் படித்தார். அடிக்குறிப்புகளையும் படித்தார். இடையில் ஒருமுறை கீழே போய் யாருக்கோ பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

“நாளைக்குக் கிளம்புவோம்” என்றார்.

“எங்க?”

“இதுல போட்டிருக்கிற இடத்துக்கெல்லாம்தான். முதல் நாள் மலை.”

“கேமரா பையை இன்னிக்கே எடுத்து வச்சிடுறேன்.”

“கேமரா வேண்டாம். இதுல இருக்கிற மூணு படத்தையும் பெருசாப் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க. அது போதும்.”

தாணுலிங்கம் கேமரா இல்லாமல் மலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. கை எங்கே வைப்பது என்று தெரியாமல் வண்டியில் ஏறினார்.

*

ரப்பர்த் தோட்டங்களைத் தாண்டி ஏறினால் ஒரு மொட்டைப் பாறை. திட்டம் சொன்ன நேரத்துக்குத் திட்டம் சொன்ன இடத்தில் இருவரும் நின்றார்கள். மேகம் பள்ளத்தாக்கில் படுத்திருந்தது.

“படத்தைப் பிடிங்க” என்றார் டீச்சர். “படத்தையும் பாருங்க. மலையையும் பாருங்க. அங்க இருக்கிறதுல படத்துல இல்லாதது என்ன?”

தாணுலிங்கம் பிரிண்டை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்தார்.

“செல்போன் டவர்.”

“எங்க போச்சு?”

“அழிச்சிட்டேன்.”

“வேற?”

“இடப்பக்கம் பாதி கட்டின சுவரு ஒண்ணு. அதையும்தான்.” கொஞ்சம் யோசித்தார். “கரண்டுக் கம்பி நாலு. ஒரு தண்ணித் தொட்டி. யாரோ காயப்போட்ட வேட்டி.”

“வேட்டியையுமா?”

“வெள்ளையா கண்ணை உறுத்திச்சு டீச்சர்.”

“வேட்டிக்காரருக்குச் சொன்னீங்களா?”

தாணுலிங்கம் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அது ஒருமுறைதான். டீச்சர் சிரிக்கவில்லை.

“போலாம்” என்றார்.

*

அணைக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு ஓடை. வனத்துறை ஆள் ஒருவர் கூட வந்தார். ஓடை வளைகிற இடத்தில் பெரிய மருதமரம். அதன் அடியில் நின்று எடுக்க வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. நாற்பது நிமிஷம் நிற்கவும் சொல்லியிருந்தது. வெளிச்சம் இலைகளுக்குள் இறங்க அவ்வளவு நேரம் ஆகும்.

தாணுலிங்கம், டீச்சர் சொல்லாமலே, படத்தை நீட்டிப் பிடித்தார். பிறகு கையைக் கீழே இறக்கிவிட்டார்.

மரத்துக்கு இடப்பக்கம் மஞ்சள் பலகை ஒன்று இருந்தது. யானைகள் கடக்கும் இடம், இங்கே நிற்காதீர்கள் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. படத்தில் அந்த இடத்தில் பெரணிச் செடிகள். நன்றாகவே வளர்ந்திருந்தன.

“இந்தப் பெரணி எங்க கிடைச்சுது?” என்று கேட்டார் டீச்சர்.

“பக்கத்துல இருந்ததைப் பிரதி எடுத்து ஒட்டினேன்.”

“இங்க எத்தனை பேரு வந்து நின்னிருப்பாங்க?”

“குழுவுல நாப்பது படம் வந்திருக்கு.”

“நாப்பது பேரும் பலகையைப் பாத்திருப்பாங்களே.”

“பாத்திருப்பாங்க.”

“பாத்துட்டும் நின்னாங்களா?”

வனத்துறை ஆள்தான் சொன்னார்: “எல்லாரும் நிப்பாங்கம்மா. போர்டுல போட்டிருக்கேன்னு கேட்டா, ‘திட்டத்துல நிக்கச் சொல்லியிருக்கு’ம்பாங்க. பெரிய மனுசன் யாரோ எழுதினதாம். யானை இதுவரைக்கும் வரல்ல.”

“யானைக்கும் ஒரு பிரதி போயிருக்கும்” என்றார் டீச்சர். “அந்த நாப்பது நிமிஷமும் ஒதுங்கி நிக்கும்.”

திரும்பும் வழியில் தாணுலிங்கம் பேனாவை எடுத்து, இரண்டாம் நாள் பக்கத்தில் ‘யானை எச்சரிக்கைப் பலகை உண்டு’ என்று ஒரு வரி சேர்த்தார். எழுத்து நடுங்காமல் இருக்க, வண்டி நிற்கும்போது எழுதினார்.

“சரியாப் போச்சா டீச்சர்?”

“படத்தை என்ன செய்வீங்க?”

“படம் நல்லாத்தானே இருக்கு.”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பது. கடல்.

சின்ன மீனவ ஊர். சிலுவை நட்ட குருசடி ஒன்று, பத்துப் பன்னிரண்டு வள்ளங்கள், வலைகள். ஊருக்குத் தெற்கே கறுப்புப் பாறை ஒன்று கடலுக்குள் நீண்டு கிடந்தது. தாணுலிங்கம் கரையிலேயே நின்றுவிட்டார். ஜெயவீரன் செத்த பிறகு அவர் அங்கே வரவில்லை.

“வாங்க சார்.”

“அறுபத்திரண்டு அடியுமா?”

“அவ்வளவு வேண்டாம். தெரியிற தூரம் போதும்.”

நாற்பது அடி போய் நின்றார்கள். சூரியன் வரப்போகும் இடத்தில் கடல் செம்பு நிறமாக இருந்தது. தாணுலிங்கம் மூன்றாவது படத்தை நீட்டிப் பிடித்தார். இரண்டு நாளாக அவர் பயந்துகொண்டிருந்தது இந்தப் படத்துக்குத்தான்.

பாறையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும், நிலம் அளக்கிறவர் வரப்பு வரப்பாகப் பார்ப்பதுபோல் மூன்று தடவை பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

“டீச்சர், இங்க ஒரு வித்தியாசமும் இல்ல.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“சத்தியமா இல்ல. பாறை, குழிவு, தண்ணி. படத்துல இருக்கிறது எல்லாம் அங்க இருக்கு. அங்க இருக்கிறது எல்லாம் படத்துலயும் இருக்கு.” மூச்சை விட்டார். “மலையில அழிச்சேன். காட்டுல அழிச்சேன். ஒத்துக்கிடுறேன். ஆனா அவரு செத்த இடத்துல நான் எதையும் அழிக்கல.”

டீச்சர் கரைப்பக்கம் பார்த்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வேகமாக வந்துகொண்டிருந்தார். இடுப்பில் சாரம், தோளில் துண்டு.

“யாரு அங்க? அதுக்கு மேல போவாதுங்க” என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். அருகில் வந்ததும் தாணுலிங்கத்தின் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“இதே படம்தான் அந்தத் தம்பி கையிலயும் இருந்துச்சு.”

அவர் பெயர் பெர்னதாஸ். ஜெயவீரன் செத்த அன்றைக்குக் காலை கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“நீங்க அவரைத் தடுக்கல்லியா?” என்று கேட்டார் தாணுலிங்கம்.

“நான் ஏன் அண்ணாச்சி தடுக்கணும்? அதுக்குத்தான் துடுப்பு இருந்துச்சே.”

“எந்தத் துடுப்பு?”

பெர்னதாஸ் கை நீட்டிக் காட்டினார். குழிவுக்கு ஏழு அடி இந்தப் பக்கம், பாறையில் ஒரு வெடிப்பு. பாறை அங்கே வளைவதால், குழிவில் நின்று எடுக்கிற படத்தில் அந்த வெடிப்பும் விழும்.

“அந்த வெடிப்புல நட்டிருந்தோம். உச்சியில சிவப்புத் துணி. அது வரைக்கும்தான் போவலாம். அதுக்கு அங்கிட்டு அலை முன்னால இருந்து வராது, பின்னால சுத்தி வரும். நாம கடலைப் பாத்துட்டு நிப்போம், அது முதுகுல அடிக்கும். எங்க சின்னவன் அப்படித்தான் போனான், தூண்டில் போட வந்து. அவன் துடுப்புதான் அது.”

தாணுலிங்கத்தின் கையிலிருந்த படம் காற்றில் படபடத்தது. அதை மடக்கிப் பிடித்தார்.

“அந்தத் தம்பி வந்தாரு” என்றார் பெர்னதாஸ். “துடுப்புகிட்ட நின்னாரு. பேப்பரை விரிச்சுப் பாத்தாரு. துடுப்பைப் பாத்தாரு. பிறவு என்னைக் கூப்பிட்டு, ‘அண்ணே, இது எப்போ வச்சது? படத்துல இல்லியே’ன்னாரு. ‘நாலு வருசமா நிக்குது தம்பி’ன்னேன். படத்தைக் காட்டினாரு. துடுப்பு இல்ல. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. படத்துல இல்லாதது எப்படி இங்க நிக்கும்? ‘ஒரு அஞ்சு நிமிசம் எடுத்து வச்சுக்கிடலாமா, படத்துல விழுது’ன்னு கேட்டாரு. ரொம்ப மரியாதையான பிள்ளை.”

“நீங்க என்ன சொன்னீங்க?” டீச்சர் கேட்டார்.

“வேண்டாம்னேன். சரிண்ணேன்னு பேப்பரைக் கொண்டுபோய்ப் பையில வச்சாரு. நான் வலைக்குப் போயிட்டேன். திரும்பிப் பாக்கும்போது துடுப்பு இல்ல. பிடுங்கிப் பாறையில படுக்க வச்சிருந்தாரு. துணியை அவுத்து, மடிச்சு, பறக்காம இருக்கக் கல்லு வச்சிருந்தாரு. அவரு குழிவுல நிக்காரு. கத்தினேன். கேக்கல்ல. துடுப்பையும் சேத்துத்தான் கொண்டுபோச்சு.”

குழிவுக்குள் தண்ணீர் நிறைவதும் வடிவதுமாக இருந்தது. பார்க்க அழகாகவே இருந்தது.

“துடுப்பு இருந்துச்சா சார், நீங்க வந்த அன்னிக்கு?” என்றார் டீச்சர்.

“இருந்துச்சு.”

“மறந்துட்டீங்களா?”

“மறக்கிற அளவுக்குக்கூட அதை நான் நினைக்கல. நாலு நிமிஷ வேலை.” பிறகு, குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, அளவு சொல்லுகிற குரலில் சொன்னார்: “படத்துக்கு வேண்டாததை எடுத்துடணும்னு முதல் பாடமாச் சொல்லித்தந்தது நீங்கதான் டீச்சர்.”

“ஆமா.”

“துடுப்பு நிக்கிற அந்தப் படத்தை உங்ககிட்டத்தான் முதல்ல காட்டினேன். வேற ஏதும் சொன்னீங்களா?”

“சிவப்பு கண்ணை இழுக்குதுன்னு சொன்னேன்.”

பெர்னதாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்தது. எதையும் கேட்கவில்லை.

“புதுசா ஒண்ணு ஏன் நடல?” என்றார் தாணுலிங்கம். “ஒரு மாசம் ஆச்சே.”

“கடைசியா யாரு வீட்டு ஆளைக் கடல் எடுத்துச்சோ அந்த வீட்டுக்காரங்கதான் வந்து நடணும் அண்ணாச்சி. இங்க அதுதான் வழக்கம். வேற வீட்டுக்காரன் நட்டா, கடல் அவன் வீட்டுல ஒரு ஆளைக் கேக்கும்பாங்க. அந்தத் தம்பி வீட்டுல இருந்து அம்மாவும் சம்சாரமும் ஆசுபத்திரிக்கு வந்தாங்க. அப்படியே வண்டியில வச்சு ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க. இந்தக் கரையை எட்டிப் பாக்கல்ல. எப்படிப் பாப்பாங்க?”

அதனால் வெடிப்பு காலியாகவே இருந்தது. கடற்கரை படத்தைப் போலவே ஆகிவிட்டது.

“ஞாயித்துக்கிழமை பதினோரு பேர் வராங்க” என்றார் தாணுலிங்கம். “நான் திட்டத்தையே எடுத்துடுறேன். குழுவுல இருந்து அழிச்சிடுறேன்.”

“உங்ககிட்ட இருக்கிறதை அழிக்கலாம். ஆயிரத்து முந்நூறு பேருகிட்ட இருக்கிறதை?”

“அப்போ யாராவது ஒரு துடுப்பை நடணும்.” பெர்னதாஸ் பக்கம் திரும்பினார். “நான் நடவா? ஆனா நான் அவரு வீட்டு ஆளு இல்லியே.”

பெர்னதாஸ் தரையைப் பார்த்தார்.

டீச்சர் கேட்டார்: “அவரு கையில இருந்த பேப்பர் யாரு வீட்டுல இருந்து போச்சு?”

தாணுலிங்கம் பாறையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர், உட்கார்ந்தால் எழுவது கஷ்டம். அதையும் யோசிக்காமல் உட்கார்ந்தார்.

பெர்னதாஸ் மெதுவாகச் சொன்னார்: “துடுப்பு வேணும்னு இல்ல. அவரு சாமான் ஏதாவது இருந்தாலும் போதும். அந்த முக்காலி மட்டும் மூணாம் நாள் ஒதுங்கிச்சு. ஒரு காலு வளைஞ்சிருக்கு. போலீசு வேண்டாம்னுட்டாங்க. என் வீட்டுலதான் கிடக்கு. அதை நடுவோமா?”

தாணுலிங்கம் நிமிர்ந்தார். “நடுவோம்” என்றார்.

“நட்டா,” என்றார் டீச்சர், “வர்றவன் முக்காலியைப் பாப்பான். நல்ல இடம் போல, யாரோ முன்னாலயே வந்து இடம் பிடிச்சிருக்காங்கன்னு நினைப்பான். அதுக்கு முன்னால போய் நிப்பான்.”

பெர்னதாஸ் இதை எதிர்பார்க்கவில்லை. படம்பிடிக்கிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

“துடுப்பை நட்டா?” என்றார் தாணுலிங்கம்.

“பிடுங்குவாங்க. இல்ல, அழிச்சுடுவாங்க.”

“இரும்புல செஞ்சு, கான்கிரீட் போட்டு நட்டா?”

“அதை நீங்க எத்தனை நிமிஷத்துல அழிப்பீங்க சார்?”

அவர் கணக்குப் போட்டார். அது அவருடைய சுபாவம். “மூணு” என்றார். “துணி இல்லேன்னா ரெண்டு.”

சூரியன் வந்துவிட்டது. திட்டத்தில் இருந்த நிமிஷத்துக்கே வந்தது. பாறையும் தண்ணீரும் பொன்னாகிக் கிடந்தன. மூவரும் பார்த்தார்கள்; ஒருவரிடமும் கேமரா இல்லை.

“அப்போ அங்க எதைத்தான் நடுறது டீச்சர்?”

டீச்சர் குனிந்து அவர் கையைப் பிடித்து எழுப்பினார். எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. நடத்தி, வெடிப்பு வரை கொண்டுபோய் நிறுத்தினார். அதற்கு அப்பால் போகவில்லை.

“ஞாயித்துக்கிழமை காலையில நீங்க இங்க நில்லுங்க சார்.”

“நானா?”

“நடணும்னா உங்க வீட்டுல இருந்து நீங்கதான இருக்கீங்க.”

தாணுலிங்கம் காலடியில் பார்த்தார். வெடிப்பு, துடுப்பு நின்ற அளவுக்கு அகலமாக, ஈரமாக இருந்தது.

“ஞாயிறு சரி. அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் திங்கள். சொல்லித்தந்தவ நான், அதனால திங்கள் நான் நிக்கேன். செவ்வாய் நீங்க.”

“எத்தனை நாளைக்கு?”

பெர்னதாஸ் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரைக்குப் போக முதல் அடி வைத்தார்.

குழிவுக்குள் பின்பக்கமிருந்து ஒரு அலை சுற்றி வந்து விழுந்தது. தாணுலிங்கத்தின் கால் நனையவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“படத்துல விழுறேன், நகருங்கன்னு சொன்னாங்கன்னா என்ன செய்ய டீச்சர்?”

“சொல்லுவாங்க சார்” என்றார் டீச்சர். “ரொம்ப மரியாதையாத்தான் சொல்லுவாங்க.”